காற்றில் வரும் சேனலுக்குக் கட்டணமா?

2002 மே 1 அன்று பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கட்டணச் சேனல்கள் ஒரே நாளில் நின்றுபோயின. டவர் எதுவும் சாயவில்லை, கேபிள் எதுவும் அறுந்துபோகவில்லை. கூரை மேல் இருந்த ஆன்டெனா வழக்கம்போல அலைகளை வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த அலைகளில் ஏற்றிச் சேனல் விற்ற ஐடிவி டிஜிட்டல் நிறுவனம் நொடித்துப் போயிருந்தது. ஆறு மாதம் கழித்து, அக்டோபர் 30 அன்று, அதே டவர்களிலிருந்து அதே அலைவரிசைகளில் ஃப்ரீவியூ என்ற பெயரில் சந்தா இல்லாத சேவை ஒன்று தொடங்கியது. ஒருமுறை பெட்டி வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. அது வேரூன்றிப் படர்ந்து, நாட்டின் முக்கியமான தொலைக்காட்சி வழிகளில் ஒன்றாக இன்றுவரை நீடிக்கிறது.

டவர் அதே, ஆன்டெனா அதே, மக்களும் அதே. பணம் கேட்ட சேவை மூழ்கியது, பணம் கேட்காத சேவை பிழைத்தது. கால்பந்து உரிமைக்குத் தாங்க முடியாத விலை கொடுத்ததுதான் காரணம் என்று வணிகப் பத்திரிகைகள் எழுதின. அது உண்மைதான். ஆனால் காரணத்தின் மறுபாதி வானொலி அலைகளின் இயல்பில் இருக்கிறது. தரைவழி ஒளிபரப்பு எதைச் செய்யப் பொருத்தமானது, எதற்குப் பொருத்தமற்றது என்பதை அந்தச் சில ஆண்டுகள் ஓர் ஆய்வுக்கூடச் சோதனை போலக் காட்டிவிட்டன.

தரைவழி ஒளிபரப்பு நமக்குப் பழைய அறிமுகம். எண்பதுகளின் பிற்பகுதியில் தென் மாவட்டங்களின் மொட்டை மாடிகளில் கொடைக்கானல் டவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஆன்டெனாக்கள் வாங்கியது அதைத்தான். உயரமான இடத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டர், சுற்றிலும் பல பத்துக் கிலோமீட்டருக்கு அலைகள், வீட்டில் ஓர் உலோகக் கம்பி. இதே ஏற்பாட்டில் படத்தையும் ஒலியையும் எண்களாக மாற்றி அனுப்பினால் அது டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு.

இதன் முதல் கட்டுப்பாடு இடம். ஐரோப்பாவில் தொலைக்காட்சிக்கு ஒதுக்கியிருந்த யு.எச்.எஃப் பகுதி 470 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை. ஒரு பழைய அனலாக் சேனலுக்கு 8 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். கணக்குப் போட்டால் மொத்தம் 49 இடங்கள். 49 சேனல் என்றால் நிறைய அல்லவா என்று தோன்றும். ஆனால் ஒரு டவர் பயன்படுத்தும் இடத்தைப் பக்கத்து டவர் பயன்படுத்த முடியாது, இரண்டும் மோதிக்கொள்ளும். அதனால் நாடு முழுவதற்கும் பங்கு போட்டபின் ஒரு பகுதிக்கு நான்கைந்து அனலாக் சேனல்கள்தான் மிஞ்சும். பிரிட்டனின் ஐந்தாவது சேனலை 1997-இல் கொண்டுவந்தபோதே எல்லா ஊருக்கும் இடம் கிடைக்கவில்லை.

டிஜிட்டல் இந்த நெருக்கடியைத் தளர்த்தியது. ஸ்டுடியோவில் உருவாகும் சாதாரணத் தரப் படம் நொடிக்கு 270 மெகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அடுத்தடுத்த ஃபிரேம்களில் பெரும்பகுதி மாறுவதே இல்லை. செய்தி வாசிப்பவரின் பின்னால் உள்ள சுவர் அப்படியேதான் இருக்கும். மாறியதை மட்டும் அனுப்பினால் போதும் என்ற எண்ணத்தை அடிப்படையாகக் கொண்ட எம்பெக்-2 முறை, அந்த 270 மெகாபிட்டை நான்கைந்து மெகாபிட்டாகச் சுருக்கிவிடும். ஒரே ஒரு அனலாக் சேனல் உட்கார்ந்திருந்த 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் ஐந்தாறு டிஜிட்டல் சேனல்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பலாம். இந்தக் கட்டுக்குப் பொறியாளர்கள் மல்டிபிளெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இங்கே தொகுப்பு என்று சொல்லிக்கொள்வோம். பிரிட்டன் 1996-இல் ஒளிபரப்புச் சட்டம் இயற்றி ஆறு தொகுப்புகளுக்கு வழி செய்தது. ஒன்று பிபிசிக்கு, ஒன்று ஐடிவிக்கும் சேனல் 4-க்கும், ஒன்று சேனல் 5-க்கும் வேல்ஸ் மொழிச் சேனலுக்கும். மீதி மூன்று தொகுப்புகள் 1997-இல் கார்ல்டன், கிரனடா ஆகிய இரு தொலைக்காட்சி நிறுவனங்களின் கூட்டணிக்குப் போயின. அவர்கள் தொடங்கிய கட்டணச் சேவைதான் பின்னாளைய ஐடிவி டிஜிட்டல், முதலில் அதற்கு ஆன்டிஜிட்டல் என்று பெயர். 1998 நவம்பர் 15 அன்று அது ஒளிபரப்பைத் தொடங்கியது.

ஆறு வாரங்களுக்கு முன்பு, அக்டோபர் 1 அன்று, ரூபர்ட் மர்டாக்கின் ஸ்கை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தன் டிஜிட்டல் சேவையைத் தொடங்கியிருந்தது. 140 சேனல்கள் என்று விளம்பரம். தரைவழியில் ஆறு தொகுப்புகளையும் சேர்த்தாலே சுமார் 30 சேனல்கள்தான். இந்த வித்தியாசத்தை எந்த முதலீடும் சரிசெய்ய முடியாது. செயற்கைக்கோள் பயன்படுத்துவது பல மடங்கு உயர்ந்த அதிர்வெண். அங்கே இடம் தாராளம், பக்கத்து டவர் என்ற தொல்லையும் இல்லை. இடம் போதாவிட்டால் அதே திசையில் இன்னொரு செயற்கைக்கோளை நிறுத்தலாம். தரைவழிக்கு வானம் ஒன்றுதான். எண்ணிக்கையில் போட்டியிட்டால் தோற்பது முன்பே எழுதப்பட்ட முடிவு. ஆனால் கட்டணத் தொலைக்காட்சி விற்பதே எண்ணிக்கையைத்தான். மாதச் சந்தாவை நியாயப்படுத்தச் சேனல் பட்டியல் நீளமாக வேண்டும். இந்த நெருக்கடிதான் அவர்களை ஒரு தொழில்நுட்பத் தேர்வுக்குத் தள்ளியது. என் பார்வையில் கதையின் மையம் அதுதான்.

டிஜிட்டல் தொகுப்பு ஒரே பெரிய அலையாகப் போவதில்லை. தகவலை ஆயிரக்கணக்கான சிறு அலைகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். பிரிட்டன் முதலில் எடுத்துக்கொண்ட முறையில் 1,705 சிறு அலைகள். ஒவ்வொன்றும் மெதுவாகப் பேசும், எல்லாம் சேர்ந்து வேகமாகப் பேசும். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி பழைய அனலாக் படத்தில் ஆவி போல இரட்டை உருவம் காட்டியது நினைவிருக்கலாம். மெதுவாகப் பேசும் சிறு அலைகள் அந்த எதிரொலியைச் சமாளித்துவிடுகின்றன. எதிரொலி அடங்கும் வரை ஒரு சிறு இடைவெளி விட்டு அடுத்ததைச் சொன்னால் போதும்.

அடுத்த கேள்வி, ஒவ்வொரு சிறு அலையும் ஒரு தடவையில் எவ்வளவு சொல்ல வேண்டும்? அலையின் வீச்சையும் கட்டத்தையும் மாற்றி 16 வெவ்வேறு நிலைகளைக் காட்டினால் ஒரு தடவைக்கு 4 பிட். 64 நிலைகளைக் காட்டினால் 6 பிட். ஒரு தாளில் பொடி எழுத்தில் எழுதினால் அதிகம் எழுதலாம், ஆனால் வெளிச்சம் மங்கினால் முதலில் படிக்க முடியாமல் போவது அந்தப் பொடி எழுத்துதான். 64 நிலைகளும் நெருங்கி நெருங்கி நிற்பதால் கொஞ்சம் இரைச்சல் கலந்தாலே பெட்டிக்கு ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. பிழைதிருத்தத்துக்கென ஒதுக்கும் பிட்களையும் கழித்துப் பார்த்தால், 64 நிலை முறையில் ஒரு தொகுப்புக்கு நொடிக்கு 24 மெகாபிட், 16 நிலை முறையில் 18 மெகாபிட். வித்தியாசம் 6 மெகாபிட். ஒரு சேனல், சுருக்கிப் போட்டால் இரண்டு. ஆன்டிஜிட்டல் 24-ஐத் தேர்ந்தெடுத்தது.

அந்த ஒன்றிரண்டு சேனலுக்குக் கொடுத்த விலை பெரியது. 24 மெகாபிட் முறை சரியாக வேலை செய்ய, 18 மெகாபிட் முறைக்குத் தேவையானதைவிடச் சிக்னல் சுமார் நான்கு டெசிபெல் கூடுதலாக இருக்க வேண்டும். வாட் கணக்கில் அது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அந்த இரண்டரை மடங்கை டவரால் தரவும் முடியாது. அனலாக் ஒளிபரப்பு இன்னும் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதைக் கெடுக்காமல் இடைவெளிகளில் புகுந்து போக வேண்டியிருந்ததால் டிஜிட்டலுக்குத் தந்த ஆற்றல் மிகக் குறைவு. லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் டவரில் அனலாக் 1,000 கிலோவாட்டில் ஒலித்துக்கொண்டிருக்க, டிஜிட்டலுக்கு அதிகபட்சம் 20 கிலோவாட். ஆக, மங்கிய வெளிச்சத்தில்தான் அந்தப் பொடி எழுத்து வாசிக்கக் கொடுக்கப்பட்டது.

வீட்டில் என்ன நடந்தது? அனலாக் சிக்னல் பலவீனமானால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டல் அப்படி இறங்கி வராது. ஓர் எல்லைவரை கண்ணாடி போலத் தெளிவு, அந்த எல்லை தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும். ஃப்ரிட்ஜின் தெர்மோஸ்டாட் இணையும் நொடியிலோ, தெருவில் மோட்டார் சைக்கிள் போகும் நொடியிலோ எழும் மின்பொறி போதும், படம் நின்றுவிடும். 1,705 சிறு அலை முறையில் ஒவ்வொரு தகவல் துணுக்கும் 224 மைக்ரோ நொடிதான் நீடிக்கும். ஒரு பொறி அதை முழுதாக விழுங்கிவிடும். 6,817 சிறு அலைகள் கொண்ட முறையில் அது 896 மைக்ரோ நொடி, அதே பொறியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் 1998-இல் அதற்கேற்ற சிப்கள் கடைக்கு வரும் நிலையில் இல்லை.

இலவசமாக வரும் சேனல் உறைந்தால் மக்கள் ஆன்டெனாவைத் திருப்பிப் பார்ப்பார்கள், ஒயரை மாற்றிப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டில் கேட்பார்கள். மாதம் பணம் கட்டிய சேனல் ஆட்டத்தின் நடுவில் உறைந்தால் போனை எடுத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்வார்கள். தவறு ஒன்றே, பார்வையாளரின் பொறுமைதான் வேறு. அதனால் கட்டணச் சேவை இலவசச் சேவையைவிட உறுதியான சிக்னல் தந்திருக்க வேண்டும். ஆன்டிஜிட்டல் அதைச் செய்யவில்லை.

இதோடு பூட்டின் செலவும் சேர்ந்தது. கட்டணச் சேனல் என்றால் அதை மறையாக்கம் செய்ய வேண்டும். ஐரோப்பிய முறையில் படத்தைக் கலைத்துப்போடும் ரகசிய எண் சுமார் பத்து நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணும் மறைக்கப்பட்ட நிலையில் அதே அலையில் வரும். பெட்டிக்குள் செருகிய ஸ்மார்ட் கார்டு அதைப் பிரித்து எடுத்துத் தந்தால்தான் படம் தெரியும். யார் பணம் கட்டினார், யார் கட்டவில்லை என்ற செய்தியும் ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியே காற்றிலேயே போக வேண்டும். காரணம், ஆன்டெனாவுக்கு வாய் கிடையாது. அது வாங்கும், திருப்பிச் சொல்லாது. லட்சக்கணக்கான கார்டுகளுக்கு ஓயாமல் அனுப்பும் இந்தச் செய்திகள் ஏற்கெனவே குறுகிய இடத்தில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். இவ்வளவும் செய்தும், கனால் பிளஸ் குழுமம் உருவாக்கிய அந்தக் கார்டு முறை உடைக்கப்பட்டது. கள்ளக் கார்டுகள் பிரிட்டன் முழுவதும் விற்றன. போட்டி நிறுவனமான என்.டி.எஸ்.தான் ரகசியத்தைக் கசியவிட்டது என்று கனால் பிளஸ் 2002-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. என்.டி.எஸ். அதை மறுத்தது, பின்னர் வழக்கும் கைவிடப்பட்டது. யார் செய்திருந்தாலும் பாடம் ஒன்றுதான்: திருப்பிப் பேசாத பெட்டியைக் கண்காணிப்பது கடினம். கேபிள்காரர் ஒயரைத் துண்டிக்கலாம், இணையச் சேவை கணக்கை முடக்கலாம். காற்றில் விட்ட சிக்னலைத் திரும்ப வாங்க வழியில்லை.

1999-இல் ஸ்கை செட்-டாப் பாக்ஸை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆன்டிஜிட்டலும் பின்தொடர்ந்தது. இங்கேதான் இரண்டு வகை ஒளிபரப்பின் பொருளாதாரமும் பிரிகிறது. இலவச ஒளிபரப்பில் ஒரு டவர் ஆயிரம் வீட்டுக்குப் போனாலும் பத்து லட்சம் வீட்டுக்குப் போனாலும் மின்கட்டணம் ஒன்றே. புதிதாக ஒரு பார்வையாளர் சேர்ந்தால் கூடுதல் செலவு எதுவும் இல்லை. மனிதன் உருவாக்கிய சேவைகளில் இப்படிப்பட்டது மிக அரிது. கட்டணச் சேவை அந்த அரிய இயல்பைத் தானே அழித்துக்கொள்கிறது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் பெட்டி, கார்டு, பில், கால் சென்டர் என்று செலவு ஏறுகிறது. அவர் விலகினால் பெட்டிக்குப் போட்ட பணமும் போய்விடுகிறது.

இந்த நிலையில்தான் 2000 ஜூனில் கால்பந்து ஒப்பந்தம் வந்தது. ஸ்கையிடம் பிரீமியர் லீக் இருந்தது. அதற்கு அடுத்த தட்டு அணிகளின் ஃபுட்பால் லீக் ஆட்டங்களுக்கு மூன்று ஆண்டுக்கு 31.5 கோடி பவுண்டு தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2001-இல் பெயரை ஐடிவி டிஜிட்டல் என்று மாற்றிக்கொண்டது. 2002 மார்ச்சில் நிர்வாகம் நீதிமன்றம் அமர்த்தியவர்கள் கைக்குப் போனது. லீகுக்கு இன்னும் 17.85 கோடி பவுண்டு பாக்கி. தாய் நிறுவனங்கள் எழுத்துமூலம் உத்தரவாதம் தரவில்லை என்று அந்த ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வராத பணத்தை நம்பி வீரர்களுக்குச் சம்பளம் பேசியிருந்த லீக் அணிகள் தள்ளாடின. பிராட்ஃபோர்ட் சிட்டி போன்றவை நொடித்து, நிர்வாகிகள் கைக்கே போயின. ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் தவறான கணக்குக்கு ஊர் ஊராகக் கால்பந்து ரசிகர்கள் விலை கொடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

காலியான மூன்று தொகுப்புகளை யாருக்குக் கொடுப்பது? பிபிசியும் டவர்களை நடத்திய கிரவுன் காசில் நிறுவனமும் சேர்ந்து கேட்டு, 2002 ஜூலையில் பெற்றன. ஃப்ரீவியூவுக்காக அவர்கள் முதலில் செய்த காரியம் சேனல்களைக் கூட்டுவது அல்ல, குறைப்பது. பிபிசியின் தொகுப்பும் புதிதாகக் கிடைத்த மூன்றும் 24 மெகாபிட்டிலிருந்து 18 மெகாபிட்டுக்கு இறக்கப்பட்டன. டவரில் ஒரு வாட் கூட்டாமலே சிக்னலின் வலு ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடியதற்குச் சமமான பலன். முன்பு படம் உறைந்த வீடுகளில் இப்போது அது உடையாமல் ஓடியது. குறைந்த இடத்தைச் சிக்கனமாக ஆளவும் வழி கண்டார்கள். பகலில் குழந்தைகளுக்கான சிபிபிசி ஓடும் இடத்தில் மாலை ஏழுக்குப் பிறகு பிபிசி த்ரீ ஓடியது, சிபீபீஸ் உறங்கியபின் பிபிசி ஃபோர் எழுந்தது. கார்டு செருகும் துளை இல்லாத எளிய பெட்டி தொடக்கத்தில் 99 பவுண்டுக்கு விற்று, போட்டி வந்ததும் வேகமாக விலை இறங்கியது.

அந்தத் துளை இல்லாமையில் ஒரு பெரிய அரசியலும் இருந்தது. அப்போதைய பிபிசி தலைமை இயக்குநர் கிரெக் டைக் அதைப் பின்னாளில் தன் நினைவு நூலில் வெளிப்படையாகவே எழுதினார். கார்டு போட வழியில்லாத பெட்டிகள் எவ்வளவு அதிகமாக வீடுகளுக்குள் போகின்றனவோ, அந்த அளவுக்குப் பிபிசியைச் சந்தாச் சேவையாக மாற்ற எந்த அரசுக்கும் கடினமாகும் என்பது அவர் கணக்கு. பொது ஒளிபரப்பைக் காக்க எத்தனையோ தீர்மானங்களும் குழு அறிக்கைகளும் எழுதப்பட்டுள்ளன. ஒரு வன்பொருள் வடிவமைப்பு அவற்றைவிட உறுதியான காவலாக நின்றது.

கட்டணச் சேவை அத்தோடு ஓயவில்லை. 2004-இல் டாப் அப் டிவி என்ற சிறு நிறுவனம் மாதம் 8 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகச் சில சேனல்களை விற்றது. பழைய ஐடிவி டிஜிட்டல் பெட்டிகளே அதன் முதல் சந்தை. இடம் இல்லாததால் பல சேனல்கள் நாளில் சில மணி நேரம் மட்டும் வந்தன. பிறகு இரவில் ஓய்ந்திருக்கும் பிட்களில் நிகழ்ச்சிகளை அனுப்பிப் பெட்டிக்குள் பதிவு செய்து வைக்கும் முறைக்கு மாறியது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனால் மிச்சத்தை வைத்துச் செய்யும் வாழ்வு. 2013-இல் மூடப்பட்டது. இதற்கிடையே எதிர்த்திசையில் ஒரு நகர்வு நடந்தது. சந்தாவுக்கு விற்றுக்கொண்டிருந்த ஈ4 2005-இலும், ஃபிலிம்4 2006-இலும் பூட்டைக் கழற்றி இலவசமாயின. சிறு தொகையைச் சில லட்சம் பேரிடம் வாங்குவதைவிட எல்லா வீட்டிலும் விளம்பரம் காட்டுவது அதிக வருமானம் என்று அவற்றின் உரிமையாளர்கள் கணக்குப் போட்டுத்தான் இதைச் செய்தார்கள்.

பிரிட்டனின் கதை தனிக் கதை அல்ல. ஸ்பெயினில் கியேரோ டிவி 2000 மே மாதம் கட்டணத் தரைவழிச் சேவையைத் தொடங்கி 2002-இல் மூடியது. அதன் இடம் 2005 நவம்பரில் இலவசச் சேனல்களுக்குப் பங்கிடப்பட்ட பிறகே அந்நாட்டில் டிஜிட்டல் வேகம் பிடித்தது. இத்தாலியில் மட்டும் வேறு வழி ஒன்று கொஞ்ச காலம் பலித்தது. மீடியாசெட் 2005 ஜனவரியில் ப்ரீபெய்டு கார்டு கொண்டுவந்தது. கடையில் கார்டு வாங்கி, வேண்டிய கால்பந்து ஆட்டத்துக்கு மட்டும் சில யூரோ செலவழிக்கலாம். மாதச் சந்தா, பில், கடன் பாக்கி எதுவும் இல்லை. தரைவழியின் எளிமையோடு ஒத்துப்போன கட்டண முறை என்று நான் கருதுவது இதை மட்டுமே. அதுவும் 2019-இல் முடிவுக்கு வந்தது. ஜெர்மனியில் 2017 மார்ச் முதல் தனியார் சேனல்களின் உயர்தர ஒளிபரப்பு பூட்டப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 69 யூரோ கட்டினால் திறந்தது. பொது ஒளிபரப்பாளர்களின் சேனல்கள் திறந்தே இருக்கின்றன. பிரான்சில் கட்டணத் தொலைக்காட்சியின் முன்னோடியான கனால் பிளஸ் 2025 ஜூனில் தன் கட்டணச் சேனல்களைத் தரைவழியிலிருந்து எடுத்துவிட்டது.

கேபிளும் செயற்கைக்கோளும் அடர்ந்து பரவாத இடங்களில் நிலைமை வேறு. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் கோடிவியும் சீனாவின் ஸ்டார்டைம்ஸும் குறைந்த சந்தாவில் தரைவழிச் சேவை நடத்துகின்றன, சாதாரணக் குடும்பங்கள் வாங்குகின்றன. ஆனால் அங்கேயும் இலவசச் சேனல்களை யார் சுமப்பது என்பது சண்டையானது. கென்யாவில் 2015 பிப்ரவரியில் அனலாக் நிறுத்தப்பட்டபோது நாட்டின் பெரிய தனியார் சேனல்கள், தங்கள் நிகழ்ச்சிகளைக் கட்டண நிறுவனங்கள் அனுமதியின்றிச் சுமப்பதை எதிர்த்தும், சொந்த டிஜிட்டல் டவர்களுக்கு அவகாசம் கேட்டும், சுமார் மூன்று வாரம் திரையில் இல்லாமலே இருந்தன. கென்ய மக்கள் அதிகம் பார்த்தவை அந்தச் சேனல்கள்தான். இலவசச் சேனல் இருந்தால்தான் பெட்டி வீட்டுக்குள் போகும், பெட்டி போனால்தான் கட்டணச் சேனலும் விற்கும் என்பதை அந்த மூன்று வாரம் எல்லாருக்கும் காட்டியது.

தமிழ் வீடுகளில் இந்த வழி உயிரோடு இருக்கும் இடங்களில் ஒன்று சிங்கப்பூர். அங்கே வசந்தம் என்ற தமிழ்ச் சேனல் இலவசமாகத் தரைவழியில் வருகிறது. 2018 இறுதியில் அனலாக் நிறுத்தப்பட்டபோது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசே டிஜிட்டல் பெட்டி கொடுத்தது. இந்தியாவிலோ தரைவழி உரிமை தூர்தர்ஷனிடம் மட்டுமே இருந்தது. தனியார் சேனல்கள் ஏறாத வாகனமாக அது இருந்ததால் டிஜிட்டல் தரைவழி சில நகரங்களின் சோதனையோடு நின்றது, பழைய டவர்கள் மூடப்பட்டன. அந்த வேலையைச் செயற்கைக்கோள் வழியாக 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் செய்கிறது. அங்கேயும் ஒரு சோதனை நடந்தது. 2019 மார்ச்சில் ஸ்டார், ஜீ, சோனி, வயகாம்18 ஆகியவை தங்கள் பிரபல இந்திச் சேனல்களை அதிலிருந்து விலக்கின. 2020-இல் திரும்பி வந்தன. அதற்குப் பிறகும் இழுபறி ஓயவில்லை, ஆனால் இலவச டிஷ்ஷில் ஓர் இடத்துக்குச் சேனல்கள் ஏலத்தில் கோடிக்கணக்கில் தருவது நிற்கவில்லை.

இலவசம் என்றால் யாருமே பணம் தரவில்லை என்று பொருள் அல்ல. பிரிட்டனில் பிபிசிக்காக வீட்டுக்கு வீடு உரிமக் கட்டணம் கட்டுகிறார்கள். மற்ற சேனல்களின் செலவு நாம் வாங்கும் சோப்பு விலையில் இருக்கிறது. விளம்பரத்தை நம்பும் சேனலுக்கு மலிவான, பழைய, திரும்பத் திரும்பப் போடும் நிகழ்ச்சிகள் இலாபம். ஃப்ரீவியூவின் பட்டியலில் பொருள் விற்கும் சேனல்கள் பல இடங்களைப் பிடித்திருப்பது உண்மை. ஒரே தொகுப்பில் அதிகம் திணித்து ஆட்டக் காட்சிகள் மங்கலாவதும் உண்மை. பெரிய கால்பந்து, கிரிக்கெட் ஆட்டங்கள் பெரும்பாலும் சந்தாவுக்குப் பின்னால் போய்விட்டன என்பது அதைவிடக் கசப்பான உண்மை. ஆனாலும் செய்தி, தேர்தல், வெள்ள எச்சரிக்கை, குழந்தைகளுக்கான நிகழ்ச்சி, நல்ல நாடகம் ஆகியவை காசில்லாதவன் வீட்டுக்கும் காசுள்ளவன் வீட்டுக்கும் ஒரே தரத்தில் போய்ச் சேர இதைவிடச் சிக்கனமான வழியை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. 2012 அக்டோபரில் பிரிட்டன் அனலாக்கை முழுதாக நிறுத்தியதும் டிஜிட்டல் டவர்களின் ஆற்றல் உயர்த்தப்பட்டது. பொதுச் சேவைத் தொகுப்புகள் மூன்றும் 98.5 சதவீத வீடுகளை எட்டின. வணிகத் தொகுப்புகள் எட்டியது சுமார் 90 சதவீதம். இலாபக் கணக்கு எங்கே நிற்கிறது, பொதுக் கடமை எங்கே வரை போகிறது என்பதை இந்த இடைவெளி அளந்து சொல்கிறது.

இப்போது கேள்வி வேறு உருவில் வந்திருக்கிறது. முன்பிருந்த 49 இடங்களில் 800, 700 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் 4ஜி, 5ஜி கைபேசிச் சேவைகளுக்குப் போய், ஐரோப்பாவில் தொலைக்காட்சிக்கு 470 முதல் 694 வரை 28 இடங்களே மிஞ்சியுள்ளன. மிச்சத்தையும் கொடுத்துவிட்டு எல்லாச் சேனலையும் இணையம் வழியாகவே தரலாம் என்று ஒரு வாதம் வலுத்து வருகிறது. பிரிட்டனின் தரைவழி உரிமங்கள் 2034 வரை. அதற்குப் பிறகு என்ன என்பதை அந்நாடு விவாதித்துக்கொண்டிருக்கிறது. ஃப்ரீவியூவைப் போலவே சந்தா இல்லாத, ஆனால் இணையத்தில் வரும் ஃப்ரீலி சேவை 2024-இல் தொடங்கிவிட்டது.

சந்தா இல்லை என்ற சொல்லை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்தச் சேனலைப் பார்க்க வீட்டில் பிராட்பேண்ட் வேண்டும், பிராட்பேண்டுக்கு மாதம் பில் வரும். பில் கட்டாத மாதம் செய்தியும் நின்றுவிடும். ஆன்டெனாவுக்கு அப்படி ஒரு மாதமே வந்ததில்லை. ஐடிவி டிஜிட்டல் சேனலுக்குப் பூட்டுப் போட்டுத் தோற்றது. இந்த முறை பூட்டு சேனலில் இல்லை, பாதையில் இருக்கிறது. இணைய வழியைக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பில் கட்ட முடியாத முதியவர் ஒருவர் வீட்டிலாவது ஆன்டெனா மட்டும் இருக்கும் வரை எந்த அரசும் டவரை அணைக்கக் கூடாது. அணைக்க வேண்டுமென்றால், அடிப்படைச் சேனல்களைப் பார்ப்பதற்குரிய இணைப்பை அவருக்குக் கட்டணமின்றித் தரும் சட்டத்தை முதலில் இயற்ற வேண்டும்.